படைக்குச் சோறு சேர்த்த கம்மந்தான் கான் சாகிப்



சென்ற ஆண்டு மௌலூது கந்தூரியில் அரிசிக் கணக்குப் போடும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்திருந்தார்கள். அறுநூறு பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு அரிசியும் ஆட்டிறைச்சியும் வாங்கினோம். வந்தவர்களோ எண்ணூறுக்கும் மேல். நால்வருக்கு ஒரு சஹன் வீதம் வைத்துக்கொண்டே போனதில், கடைசி இரண்டு வரிசைக்குச் சோறு இல்லை. மறுபடியும் உலை ஏற்றி, அரிசி வேகும் வரை அவர்களைக் காக்க வைத்தோம். யாரும் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆயினும் பசித்த முகங்களுக்கு முன்னால் காலிச் சட்டியோடு நின்ற அந்த முக்கால் மணி நேரத்தை நாம் மறக்கவில்லை.

அன்று இரவு கணக்குப் புத்தகத்தை மூடும்போது ஒரு எண்ணம் வந்தது. ஒரு வேளை கந்தூரிக்கே இந்தப் பாடு. அப்படியானால் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு, எதிரி சூழ்ந்து நிற்கையில், மாதக்கணக்கில் சோறு போட்டவர்கள் எப்பேர்ப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள்? சரித்திரம் எழுதுகிறவர்கள் வாள் வீசியவனைப் பற்றி எழுதுகிறார்கள். அவன் வயிற்றை நிரப்பியவனைப் பற்றி எழுதுவது அபூர்வம். ஆனால் இரண்டையும் செய்த ஒரு மனிதர் நம் தமிழ்ச் சீமையிலேயே இருந்தார். அவரே கம்மந்தான் கான் சாகிப் என்று மக்கள் அழைத்த முகம்மது யூசுப் கான். அவருடைய வாழ்க்கையைச் சோற்றுக் கணக்கின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தக் காலத்துப் படை எப்படிச் சாப்பிட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இன்று போல் டின் உணவும், லாரியும், சமையல் பிரிவும் அன்று கிடையா. கிழக்கிந்தியக் கும்பெனிப் படையிலிருந்த நம் நாட்டுச் சிப்பாய், தன் சம்பளத்திலும் படியிலும் தானே அரிசி வாங்கித் தானே பொங்கித் தின்ன வேண்டும். ஆகவே படை எங்கே போனாலும் அதன் பின்னால் ஒரு கடைத்தெருவே நடந்து போகும். அரிசிக்காரர், பருப்புக்காரர், உப்புக்காரர், வெற்றிலைக்காரர், குடும்பங்கள், மாட்டுக்காரர் என்று படைவீரர் தொகையைவிடப் பின்தொடர்வோர் தொகையே அதிகமாக இருக்கும். தானியத்தைச் சுமப்பவை பொதிமாடுகள். லம்பாடிகள் என்னும் கூட்டத்தார் மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டி வந்து படைகளுக்குத் தானியம் விற்றுப் பிழைத்தார்கள்.

நம் கடைக் கணக்குப்படியே பார்ப்போம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், 2,000 சிப்பாய்களுக்கு ஒரு நாளைக்கு 1,400 கிலோ ஆகிறது. ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 14 மாடு; மாதத்துக்கு 420 மாடு. இது சிப்பாய்க்கு மட்டும். குதிரைக்குக் கொள்ளு, பின்வரும் கூட்டத்துக்குத் தானியம், மாட்டுக்கே தீவனம் எல்லாம் சேர்த்தால் கணக்குப் பல மடங்கு ஏறும். இத்தனை மாடுகள் ஒற்றையடிப் பாதையில் மைல் கணக்கில் நீண்டு வருகையில், நூறு குதிரைக்காரர் பாய்ந்தால் போதும், ஒரு படையின் ஒரு மாதச் சாப்பாடு மண்ணில் கொட்டிப் போகும். கடையில் அரிசி குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் சிப்பாயின் சம்பளம் பற்றாது. பற்றாவிட்டால் அவன் இரவோடு இரவாக எதிரி முகாமுக்கு நடந்துவிடுவான். அக்காலத்தில் கோட்டைகள் பல விழுந்தது பீரங்கியால் அல்ல, பட்டினியால்தான்.

நிற்க, கான் சாகிபின் பிறப்புக்கு வருவோம். சுமார் 1725-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்னும் கிராமத்தில் ஓர் இந்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார் என்றும், மருதநாயகம் என்பது அவருடைய இளமைப் பெயர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்ததும் அந்தச் சீமையிலிருந்துதான் என்பதால் இதை எழுதும்போது நமக்குத் தனிப் பிரியம் உண்டாகிறது. இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, முகம்மது யூசுப் என்று பெயர் பெற்றார். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரிடமும் தஞ்சாவூரிலும் நெல்லூர்ப் பக்கத்திலும் வேலை பார்த்து, பல பாஷைகளையும், பல ஊர்ப் பாதைகளையும், பலவகை மனிதர்களையும் கற்றுக்கொண்டார். பெரிய பள்ளிக்கூடம் எதிலும் படித்தவரல்லர். நாட்டைச் சுற்றிப் பெற்ற அறிவே அவருடைய மூலதனம்.

அக்காலத்தில் ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டார்கள். முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1752-ல் யூசுப் கான் சிறு கூட்டத்தோடு கிளைவின் படையில் சேர்ந்தார். அதே ஆண்டில் சந்தா சாகிப் தோற்று உயிரிழந்தார். அத்துடன் சண்டை ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் உதவிக்கு வந்த மைசூராருக்குத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்தபின் வாக்கை நிறைவேற்றவில்லை. ஆகவே மைசூர் நஞ்சராஜா பகையாகி, மராத்தியத் தலைவர் முராரி ராவையும் பிரெஞ்சுக்காரரையும் சேர்த்துக்கொண்டு திருச்சியை வளைத்தார். சொன்ன சொல் தவறியதால் எத்தனை ஆயிரம் பேர் பட்டினி கிடந்தார்கள் என்பதற்கு அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளே சாட்சி.

1753-ல் திருச்சிக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலத் தளபதி டால்ட்டன் தானியக் களஞ்சியத்தைப் பார்வையிட்டார். பல மாதத்துக்கு நெல் இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். திறந்து பார்த்தால் மூன்று வாரத்துக்குத்தான் மிச்சம். காரணம் யாது? களஞ்சியத்தின் பொறுப்பில் இருந்த நவாபின் உறவினர், ஊருக்குள் விலை ஏறியதைக் கண்டு, படைக்காக வைத்திருந்த நெல்லை எடுத்து நல்ல இலாபத்துக்கு விற்றுவிட்டார். வணிகர்களாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவரும் வியாபாரம்தான் செய்தார். விலை ஏறும்போது விற்றார். ஆனால் அது அவர் சரக்கு அல்ல, அமானத். அமானத்தை விற்றவர் அடைந்த இலாபம் சில ஆயிரம்; அதனால் ஒரு நகரமே பட்டினி கிடந்தது. ஊர் மக்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

செய்தி கேட்டு மேஜர் லாரன்ஸ் படையோடு திருச்சிக்கு விரைந்தார். அவருக்கு முன் இருந்த கேள்வி எதிரியை எப்படி வெல்வது என்பதைக் காட்டிலும் நாளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதே. தெற்கே புதுக்கோட்டைத் தொண்டைமான் நாடு நட்பாக இருந்தது, கிழக்கே தஞ்சாவூர். அங்கே நெல் உண்டு. ஆனால் இடையிலுள்ள வெட்டவெளியில் மைசூர்க் குதிரைகளும் மராத்தியக் குதிரைகளும் இரவும் பகலும் சுற்றின. மாட்டுக்காரர் வர அஞ்சினார்கள். வணிகர் கடன் கொடுக்க அஞ்சினார்கள்.

இங்கேதான் யூசுப் கானின் திறமை வெளிப்பட்டது. தொண்டைமான் நாட்டுக் காட்டுப் பாதைகள் அவருக்குத் தெரியும். கிராமத்து மணியக்காரரிடமும் மாட்டுக்காரரிடமும் அவர்கள் பாஷையில் பேசுவார். எந்த ஊரில் நெல் இருக்கிறது, எந்தப் பாதையில் எதிரிக் குதிரை நிற்கிறது, எந்த இரவு நிலவு இராது என்பதையெல்லாம் ஒற்றர் மூலம் அறிந்து, காட்டோரத்தில் பொதிகளைச் சேர்த்து வைத்து, சமயம் பார்த்து முகாமுக்குக் கொண்டு வந்து சேர்ப்பார். லாரன்ஸ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில், இவர் துணிவும் நிதானமும் ஒருங்கே உடையவர் என்றும், தகவலும் தானியமும் கொண்டு வருவதில் இவருக்கு ஈடில்லை என்றும் பாராட்டி எழுதினார்.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதை 1754 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம் காட்டும். சுமார் 180 ஐரோப்பியரும் 800 சிப்பாய்களும் காவலாக வந்த பெரிய தானிய வரிசை ஒன்றை மைசூர், மராத்தியக் குதிரைப்படைகள் வழியில் பாய்ந்து நொறுக்கின. காவலுக்கு வந்த வெள்ளையரில் சாகாதவர் பிடிபட்டனர். தானியமும் பணமும் மருந்தும் துப்பாக்கியும் பறிபோயின. அந்தக் குதிரைப்படைத் தலைவர்களில் ஒருவர் பிற்காலத்தில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. காவலை நீண்ட வரிசையில் சிதற விட்டதே இந்தத் தோல்விக்குக் காரணம் என்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள்.

அதே ஆண்டு மே மாதத்தில் மற்றொரு தானிய வரிசையை எதிர்கொண்டு அழைத்துவரக் காப்டன் கல்லியோ ஒரு படையோடு இரவில் புறப்பட்டார். யூசுப் கான் முன்னணிக்கும் முன்னால் தனியாகக் குதிரையில் சென்றுகொண்டிருந்தார். ஒரு வாய்க்கால் கரையில் ஏறும்போது அவருடைய குதிரை திடீரென்று கனைத்தது. இருட்டிலிருந்து வேறு குதிரைகள் பதில் கனைத்தன. எதிரி பதுங்கியிருக்கிறான் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பதுங்கியிருந்தவர்கள் பாயுமுன் ஆங்கிலப் படை எச்சரிக்கையடைந்து இடம் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒருவர் போயிராவிட்டால் பிப்ரவரியில் நடந்ததே மீண்டும் நடந்திருக்கும். பொறுப்பாளி மூட்டைக்குப் பின்னால் அல்ல, மூட்டைக்கு முன்னால் போக வேண்டும் என்பதே நாம் இதில் காணும் பாடம்.

புகழ் வந்தால் பொறாமையும் வரும். யூசுப் கான் மைசூராருக்குக் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பொய்க் கடிதம் ஒன்று கிளம்பியது. விசாரித்ததில், அது லாரன்ஸிடம் துபாஷாக இருந்தவரே எதிரியோடு சேர்ந்து செய்த சூழ்ச்சி என்று வெளியாயிற்று. அந்தத் துபாஷ் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுப் கான் குற்றமற்றவர் என்று தெளிந்தது. கும்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக அவரை நியமித்தார்கள். தங்கப் பதக்கமும் அளித்தார்கள். அந்தக் கமாண்டன்ட் என்ற பதவிப் பெயர்தான் நம் மக்கள் வாயில் கம்மந்தான் ஆயிற்று. 1754 அக்டோபரில் சண்டை நிறுத்தம் ஏற்பட்டது. திருச்சி விழவில்லை.

அடுத்து கும்பெனியும் நவாபும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்க அவரை அனுப்பினார்கள். இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரைப் புகழ்ந்து எழுதுகிறோம் என்பதற்காக அவர் செய்த எல்லாவற்றையும் நல்லதென்று எழுதுவது நியாயமாகாது. பாளையக்காரர்கள் தங்கள் மண்ணில் வெள்ளையர் வரி கேட்பதை எதிர்த்தார்கள். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் அவர்களில் முதன்மையானவர். அவர்களை அடக்கிய கை யூசுப் கானுடையது. 1761-ல் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தவரும் அவரே. எதிர்த்தவர்களைக் கடுமையாகத் தண்டித்தார். கும்பெனியின் உப்பைத் தின்ற காலத்தில் கும்பெனிக்காகவே வாளெடுத்தார். தென்பாண்டிச் சீமை மக்களில் சிலர் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

மதுரைக் கோட்டையே 1757-ல் கலகக்காரர் கையில் இருந்தது. கல்லியோவும் யூசுப் கானும் முற்றுகையிட்டார்கள். சுவரேறிப் பிடிக்கப் பார்த்தது பலிக்கவில்லை. பிறகு வழிகளை அடைத்து உள்ளே இருந்தவர்களை நெருக்கி, செப்டம்பரில் 1,70,000 ரூபாய் கொடுத்துக் கோட்டையை வாங்கினார்கள். மதுரையின் சுவர் உறுதியானது, ஆனால் உள்ளே அடைபட்டவன் வயிறு அவ்வளவு உறுதியானதல்ல என்பதை அன்றே அவர் கண்ணால் கண்டார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைப் பட்டணத்தை முற்றுகையிட்டார். கும்பெனி உடனே யூசுப் கானைத் தெற்கிலிருந்து அழைத்தது. அவர் சென்னைக் கோட்டைக்குள் போய் உட்காரவில்லை. செங்கற்பட்டிலிருந்த காப்டன் பிரஸ்டனோடு சேர்ந்து வெளியே இருந்தபடி, முற்றுகையிட்டவர்களின் முதுகுப்புறத்தைத் தாக்கினார். பிரெஞ்சு முகாமுக்கு வரும் மாடுகளையும் தானியத்தையும் மறித்தார். ஒரு இடத்தில் விரட்டினால் இன்னொரு இடத்தில் வந்தார். 1759 பிப்ரவரி 9-ஆம் தேதி பரங்கிமலையில் பெரிய சண்டை நடந்தது. ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, 17-ஆம் தேதி லாலி முற்றுகையை விட்டுப் போனார். திருச்சியில் சொந்தப் படைக்குச் சோறு கொண்டு வந்து வென்றவர், சென்னையில் எதிரியின் சோற்றைத் தடுத்து வென்றார். இரண்டும் ஒரே வித்தையின் இரு பக்கங்கள்.

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் குத்தகைக்கு எடுத்து ஆளத் தொடங்கினார். இதுவே அவர் வாழ்வின் பொற்காலம். உடைந்து கிடந்த ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். வழிப்பறியை அடக்கினார். நெசவாளருக்கும் வணிகருக்கும் ஆதரவு கொடுத்தார். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்று போயிருந்த மானியத்தை மீண்டும் கிடைக்கச் செய்தார் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. நெல் விளைந்தால்தான் வரி வரும், வரி வந்தால்தான் படை நிற்கும் என்பது தானியப் பொதி ஓட்டிய மனிதருக்குத் தெரியாதா? மாட்டு முதுகில் வரும் அரிசிக்கு மூலம் ஏரித் தண்ணீர் என்பதை அவர் அறிந்திருந்தார். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு என்று இன்றும் வழங்கும் பெயர் அவருடைய நினைவே.

அவருடைய ஆட்சி செழித்ததே அவருக்கு வினையாயிற்று. செழித்த சீமையைக் கண்டு நவாப் முகம்மது அலிக்கு ஆசையும் அச்சமும் பிறந்தன. மதுரை தம்முடையது, கான் சாகிப் தம்முடைய வேலைக்காரர், வரியைத் தம்மிடமே கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். நவாப் கும்பெனிக்குப் பட்ட கடன் மிகப் பெரிது. கடனைத் திருப்பிப் பெற வேண்டுமானால் நவாபின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கும்பெனியும் கணக்குப் பார்த்தது. கூடுதல் குத்தகை தருவதாக யூசுப் கான் சொல்லியும் பலிக்கவில்லை. பத்தாண்டு உழைத்தவரை ஒரு கையெழுத்தில் நவாபுக்குக் கீழ்ப்படுத்தினார்கள். அவர் வளையவில்லை. 1763-ல் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார். மர்ச்சாந்து என்னும் பிரெஞ்சுக்காரரையும் அவர் கூட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டார்.

1763 ஆகஸ்டில் கர்னல் மான்சன் தலைமையில் கும்பெனிப் படையும் நவாப் படையும் மதுரையைச் சூழ்ந்தன. நவம்பர் வரை போராடியும் கோட்டை விழவில்லை. மழைக்காலம் வந்தது; முற்றுகையிட்டவர்கள் திரும்பிப் போனார்கள். 1764-ல் மீண்டும் வந்தார்கள். இம்முறை மேஜர் காம்பெல் தலைவர். ஜூன் மாதம் கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏறிப் பாய்ந்தார்கள். யூசுப் கானின் ஆட்கள் அவர்களைக் கடும் சேதத்தோடு விரட்டினார்கள். முன்பு செங்கற்பட்டில் அவரோடு தோளோடு தோள் நின்ற பிரஸ்டன், இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்று அந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தார்.

அதன் பிறகு காம்பெல் சுவரில் ஏறும் எண்ணத்தை விட்டார். கோட்டையைச் சுற்றி வழிகளை அடைத்து, ஒரு மாடும் ஒரு மூட்டையும் உள்ளே போகாதபடி செய்து, காத்திருந்தார். திருச்சியில் மைசூரார் செய்ய முயன்றது இதுவே. அங்கே யூசுப் கான் வெளியே போய்வர வழி இருந்தது; தொண்டைமானின் காடும் நட்பும் இருந்தன. மதுரையில் அவரே உள்ளே அடைபட்டார். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் என்று மாதங்கள் சென்றன. களஞ்சியம் அடி தெரிந்தது. பசி தாங்காத வீரர்கள் இரவில் சுவர் இறங்கி ஓடத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு வழி கண்டவருக்குத் தம் சொந்த ஆட்களுக்குச் சோறு வழி காண முடியவில்லை.

பசி முதலில் வயிற்றைத் தின்னும். பிறகு விசுவாசத்தைத் தின்னும். திவான் சீனிவாச ராவும், வைத்தியர் பாபா சாகிபும், மர்ச்சாந்தும் கூடிப் பேசினார்கள். 1764 அக்டோபர் 13-ஆம் தேதி, யூசுப் கான் தொழுகையில் இருந்தபோது அவர் மேல் பாய்ந்து, தலைப்பாகைத் துணியால் கட்டினார்கள். அல்லாஹ்வின் முன் குனிந்து நின்ற மனிதருக்கு வாளை எடுக்க நேரமில்லை. பிறகு கோட்டையோடு அவரையும் எதிரியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி நவாபின் முகாமில், மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்துக்கு அருகே, தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்குச் சுமார் நாற்பது வயது, நம்முடைய வயதுதான். கயிறு இருமுறை அறுந்து மூன்றாம் முறைதான் உயிர் போயிற்று என்றும், அச்சத்தால் உடலைத் துண்டித்துப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடங்கிய இடத்தில் 1808-ல் கட்டப்பட்ட சிறிய பள்ளிவாசல் இருக்கிறது. கான்சாகிபு சண்டை என்னும் நாட்டுப் பாடலும் அவருடைய கதையை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது.

அவரைத் தியாகி என்பவரும் உண்டு; கும்பெனிக் கைக்கூலி என்பவரும் உண்டு. இரண்டில் எது என்று தீர்ப்பளிக்க மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே படித்த கடைக்காரராகிய நமக்குத் தகுதியில்லை. நமக்குத் தெரிந்தது சரக்கும் கணக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. திருச்சிக் களஞ்சியத்தை விற்றவர் ஒருவர். அந்தத் திருச்சிக்கு உயிரைப் பணயம் வைத்து நெல் கொண்டு வந்தவர் ஒருவர். முதல்வரின் பெயரை யாரும் நினைப்பதில்லை. இரண்டாமவரின் பெயரில் தெரு இருக்கிறது, பாட்டு இருக்கிறது.

இது பழங்கதை, நமக்கு என்ன என்று எண்ண வேண்டாம். இந்த மலாயா மண்ணிலும் சோறு ஆயுதமாக இருந்திருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் பர்மா அரிசி வரவு குறைந்து, தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். 1948 முதல் 1960 வரை அவசர காலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாதென்று அரசாங்கம் அரிசியை அளந்து கொடுத்தது. வேலைக்குப் போகிறவர்களை வாயிலில் சோதித்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கடைக்காரர் டின்னை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சில இடங்களில் அரிசியைப் பொதுவில் சமைத்துச் சோறாகவே கொடுத்தார்கள். காம்பெல் மதுரையில் செய்ததும் இதுவும் தத்துவத்தில் ஒன்றே.

அந்த ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டனார் ரஹாங்கில் சிறு கடை வைத்திருந்தார். மௌத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன் நம் அத்தாவை அழைத்து ஒரு விஷயம் சொன்னார். 1943-ல் தோட்டத்துக்காரர் ஒருவர் கல்யாணத்துக்கென்று இரண்டு மூட்டை அரிசியை அவரிடம் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாராம். விலை ஏறிக்கொண்டே போனது. பாட்டனார் அதைக் கறுப்புச் சந்தையில் விற்றுவிட்டார். உரியவரோ திரும்பி வரவே இல்லை. சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாராம். அரிசியைக் கேட்க ஆளில்லை; ஆகவே மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

அதன் பின் பாட்டனார் உயிரோடிருந்த மட்டும் ஒவ்வொரு ரமலானிலும் நோன்புக் கஞ்சிக்கு இரண்டு மூட்டை அரிசி கொடுத்து வந்தார். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. அத்தாவிடம் மட்டும் சொன்னார். அத்தா கொடுத்தார், இப்போது நாம் கொடுக்கிறோம். நம்மைத் தர்மவான் என்று சிலர் புகழும்போது கூச்சமாக இருக்கும். அது தர்மமல்ல, கடன். இன்று இதை எழுதியதும் அதனால்தான். திருச்சிக் களஞ்சியத்தை விற்ற நவாபின் உறவினரைப் பற்றிப் படித்தபோது, வேறு யாரையோ பற்றிப் படிப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

2020-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் தெருவில் அரிசி, மாவு, முட்டை எல்லாவற்றுக்கும் ஜனங்கள் முண்டியடித்தார்கள். அப்போது கடைக்குள் நின்று மூட்டையையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்த அனுபவம் இதைப் படிக்கும் வணிகர் ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தச் சமயத்தில் என்ன விலை போட்டோம் என்பது நமக்கும் தெரியும், படைத்தவனுக்கும் தெரியும். இன்னொரு பஞ்சமோ, இன்னொரு அடைப்போ வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. வந்தால் நாம் களஞ்சியத்தைத் திறந்து விற்றவராக இருக்கப் போகிறோமா, இருட்டில் மூட்டைக்கு முன்னால் குதிரையில் சென்றவராக இருக்கப் போகிறோமா என்பதை இப்போதே யோசித்து வைப்பது நலம்.

மதுரைப் பக்கம் பயணம் போகும் அன்பர்கள் சம்மட்டிபுரத்துக்கும் ஒரு நடை சென்று, கம்மந்தான் கான் சாகிபுக்காக ஒரு பாத்திஹா ஓதி வருமாறு கேட்டுக்கொள்கிறோம். இவ்வாண்டு கந்தூரிக்கு, இன்ஷா அல்லாஹ், ஆயிரம் பேருக்கு என்று கணக்குப் போட்டிருக்கிறோம். மிஞ்சினால் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பலாம். கடைசி வரிசை இம்முறை காத்திருக்க வேண்டியிராது.

வஸ்ஸலாம்.